காருக்குள் கறுக்காத கண்ணாடி

தில்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். வயது 56. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். ஓய்வு பெற இன்னும் 4 வருஷம். காலையில் தானே காரை எடுத்துக்கொண்டு பிரகதி மைதான் சுரங்கப்பாதை வழியாக இந்தியா கேட் பக்கம் போகிறார். இருட்டிய பிறகு திரும்புகிறார். போன நவம்பரில் ஒரு ஆப்டிக்கல்ஸ் கடையில், வெயிலில் தானாகக் கறுத்து நிழலில் வெளுக்கும் போட்டோக்ரோமிக் கண்ணாடி வாங்கினார். ப்ரோக்ரஸிவ் பவர் (தூரத்துக்கும் வாசிப்புக்கும் ஒரே லென்ஸ்), கம்ப்யூட்டர் திரையின் நீல ஒளியைக் குறைக்க என்று பூசுகிற ப்ளூ கட் கோட்டிங், ஃப்ரேம் எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய். “இனி கூலிங் கிளாஸே வேண்டாம் மேடம், கார் ஓட்டவும் இதுவே போதும்” என்று கடைக்காரர் சொன்னாராம்.

ஆனால் காரில் உட்கார்ந்தால் கண்ணாடி கறுப்பதே இல்லை. ஜனவரியில் பார்க்கிங்கிலிருந்து நடந்து ஆபீசுக்குள் நுழைந்தால் ஐந்து நிமிஷமானாலும் வெளுப்பதில்லை, “என்ன மேடம்ஜி, உள்ளேயும் கூலிங் கிளாஸா?” என்று பக்கத்து சீட்டில் கிண்டல். மே மாதம் 44 டிகிரியில், நன்றாகக் கறுக்க வேண்டிய நேரத்தில், தண்ணீர் விட்ட டீ நிறத்தோடு நின்றுவிடுகிறது. ராத்திரியில் எதிரே வரும் ஹெட்லைட் நட்சத்திரம் மாதிரி சிதறுகிறது. இந்தக் கண்ணாடி இரவிலும் கொஞ்சம் கறுப்பாகவே இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும் என்று மாமியார் வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார். டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா, நொய்டாவுக்கு பைக்கில் வேலைக்குப் போகும் மகனுக்கும் இதையே வாங்கலாமா என்பவை கேள்விகள்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு பின்குறிப்பு: “ஒரு நல்ல சேதியும் உண்டு. இரண்டு மூன்று மாதமாகப் பேப்பரைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்றரை வருஷத்தில் பவர் இரண்டு தடவை மாறிவிட்டது.”

அம்மா, நான்கு பக்கத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்தப் பின்குறிப்புதான். அதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் கண்ணாடி மேல் இருக்கிற கோபம் தீராமல் நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள் என்று தோன்றியது. ஆகவே கண்ணாடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கண்ணாடி பெரும்பாலும் அசல்தான். நீங்கள் எழுதிய முதல் மூன்று குறையும் அதன் குணமே தவிரக் கோளாறு இல்லை. உண்மையைச் சொன்னால், காருக்குள்ளும் கறுத்து, மே வெயிலில் கன்னங்கரேலென்றும் ஆகியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

காருக்குள் ஏன் கறுக்கவில்லை

இந்தக் கண்ணாடியைக் கறுக்க வைப்பது நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் இல்லை; வெயிலோடு கூட வருகிற புற ஊதாக் கதிர். லென்ஸின் மேற்பரப்பில் ஒருவகைச் சாய மூலக்கூறுகள் மடங்கிக் கிடக்கும். புற ஊதாக் கதிர் பட்டதும் அவை விரியும். விரிந்த மூலக்கூறு வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணாடி கறுக்கும். கதிர் நின்றதும் தானாக மடங்கும், கண்ணாடி வெளுக்கும்.

காரின் முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி கிடையாது. இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டியிருப்பார்கள், விபத்தில் சில்லு சில்லாக உடைந்து முகத்தில் தெறிக்காமல் இருக்க. அந்தத் தாள் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடும். கண் கூசுகிற வெளிச்சம் உள்ளே வரும், கண்ணாடியைக் கறுக்க வைக்கிற கதிர் வராது. பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடியில் இந்தத் தாள் பொதுவாக இருக்காது. தினமும் கார் ஓட்டுபவர் நீங்கள்; உங்கள் இரண்டு முழங்கையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஜன்னல் பக்கத்து வலது கை ஒரு சாயல் கூடுதலாகக் கறுத்திருந்தால் அந்த வழியாக வந்த கதிர்தான் காரணம்.

“கார் ஓட்டவும் இதுவே போதும்” என்று கடைக்காரர் சொன்னது தப்பு. வேண்டுமென்றே சொன்னாரா, அவருக்கே தெரியாதா, எனக்குத் தெரியாது. கண்ணாடி விற்கிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. சாதாரணக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பிரகதி மைதான் சுரங்கத்துக்குள் நுழைந்தால் சட்டென்று இருட்டிவிடும்; ஒரு கையால் கழற்ற வேண்டியிருக்கும். உங்கள் கண்ணாடி காருக்குள் வெள்ளையாகவே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

குளிரில் மை, வெயிலில் டீ

விரிந்த மூலக்கூறு மறுபடி மடங்குவதற்கு வெப்பம் உதவுகிறது. தில்லிக்காரர்களுக்கு இது ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். மே மாத மதியத்தில் புற ஊதாக் கதிர் விரிக்கப் பார்க்கிறது, அதே நேரத்தில் 44 டிகிரி வெக்கை மடிக்கப் பார்க்கிறது. இந்தக் கயிறு இழுப்பில் கண்ணாடி பாதிக் கறுப்போடு நின்றுவிடுகிறது. ஜனவரிக் காலையில் மடிக்க ஆள் இல்லை. அதனால் இளவெயிலிலும் மை பூசின மாதிரி கறுக்கும். உள்ளே வந்த பிறகும் லென்ஸ் சில்லென்று இருக்கும் வரை மெதுவாகத்தான் வெளுக்கும். இதே கண்ணாடியோடு குளிர்காலத்தில் மணாலி போய் வந்தீர்களானால் 16,500 ரூபாய் வீண் போகவில்லை என்று நீங்களே சொல்வீர்கள். அதிகம் தேவைப்படுகிற வெக்கையில் குறைவாக வேலை செய்வது இந்தத் தொழில்நுட்பத்தின் கை வைக்க முடியாத குறை. சென்னையிலும் இதே கதைதான்.

பொதுவாகக் கறுப்பதற்கு அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் போதும். முழுசாக வெளுக்கச் சில நிமிஷங்கள் ஆகும். ஆபீசில் கிண்டல் செய்பவர்களுக்காக ஒரு சின்ன உபாயம்: உள்ளே நுழைந்ததும் கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். கைச் சூடு வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும். அதற்காக வெந்நீரில் முக்காதீர்கள். கோடையில் பூட்டிய காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டும் போகாதீர்கள். அந்தச் சூட்டில் மேலே இருக்கிற கோட்டிங் வெடித்து நூல் நூலாகக் கோடு விழும், பிறகு எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது.

என் அப்பா ‘போட்டோசன்’ என்று ஒன்று போட்டிருந்தார். கனமான கண்ணாடி லென்ஸ், மூக்கில் இரண்டு குழி விழுந்திருக்கும். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஆர்மிஸ்டெட்டும் ஸ்டூக்கியும் 1960-களில் கண்டுபிடித்த வகை அது. கண்ணாடிக்குள்ளேயே வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் இருக்கும். அலமாரியில் கிடக்கும் அந்தக் கண்ணாடியை இன்று எடுத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாலும் கறுக்கிறது. உங்களுடையது 1990-களில் பரவலாக வந்த பிளாஸ்டிக் வகை. எடை குறைவு, கீழே விழுந்தால் எளிதில் உடையாது. ஆனால் சாயம் நாளாவட்டத்தில் களைத்துப் போகும். இரண்டு மூன்று வருஷத்தில் கறுப்பு குறையும், வெளுத்த பிறகும் லேசான மஞ்சள் தங்கும். ஒரு லென்ஸில் கீறல் விழுந்தால் அதை மட்டும் மாற்றாதீர்கள். பழையதும் புதியதும் ஒரே மாதிரி கறுக்காது. ஒரு கண் வெயிலிலும் ஒரு கண் நிழலிலும் இருப்பது போலத் தெரியும்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: கறுப்புக் கண்ணாடியால் கண் சோம்பேறியாகாது, பவரும் ஏறாது. ஆனால் அவர் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. வீட்டுக்குள்ளும் நாள் முழுக்கக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு வெளிச்சமே ஆகாமல் போவதுண்டு. உங்களுடையது உள்ளே வந்தால் வெளுத்துவிடுவதால் அந்தக் கவலை இல்லை. ப்ளூ கட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 17 பரிசோதனைகளை அலசிவிட்டு, கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வை இது குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அடுத்த தடவை அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

டூப்ளிகேட்டா என்று நீங்களே பார்க்கலாம்

காலை வெயிலில் பால்கனியில் கண்ணாடியை வையுங்கள். ஒரு லென்ஸின் மேல் ஒரு பொட்டு அளவுக்குக் கறுப்புத் தாளை நறுக்கிப் போடுங்கள். நாணயம் வேண்டாம், கீறிவிடும். ஒரு நிமிஷம் கழித்துத் தாளை எடுத்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, நிலா மாதிரி நிற்க வேண்டும். இரண்டு லென்ஸிலும் தனித்தனியாகச் செய்து, இரண்டும் ஒரே அளவு கறுக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பெயர்ச் சோதனை. ப்ரோக்ரஸிவ் லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகக் கம்பெனி முத்திரையும் வாசிப்புப் பவரின் எண்ணும் பொறித்திருப்பார்கள். லென்ஸின் மேல் வாயால் ஊதி ஆவி படிய வைத்து, டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் ஓரங்களில் தெரியும். பில்லிலும் லென்ஸோடு தந்த கார்டிலும் இருக்கிற கம்பெனியும் இதுவும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் கோபம் நியாயம். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் போக வேண்டும். ஒத்துப்போனால் ஆணையத்துக்கு அலைவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கார் விஷயத்தில் அவர் சொன்னது வாய்ப்பேச்சு, பில்லில் இருக்காது. பவர் போட்டு உங்களுக்கென்று செய்த லென்ஸை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதும் இல்லை. “நீங்கள் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன், கார் ஓட்டத் தனியாக ஒரு பவர் கூலிங் கிளாஸ் விலை குறைத்துப் போட்டுத் தாருங்கள்” என்று பதமாகக் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து நிறையக் கடைகளில் இறங்கி வருவார்கள்.

அந்தக் கூலிங் கிளாஸ் போலரைஸ்டு ஆக இருந்தால் முன்னால் போகிற காரின் டிக்கியிலும் நனைந்த ரோட்டிலும் பட்டுத் தெறிக்கிற பளபளப்பு அடங்கும். மொபைல் திரையும் சில கார்களின் டேஷ்போர்டு திரையும் சில கோணங்களில் கறுப்பாகத் தெரியும்; கடையிலேயே போட்டுக்கொண்டு மொபைலைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். காருக்குள்ளும் ஓரளவு கறுக்கிற போட்டோக்ரோமிக் வகையும் சந்தையில் உண்டு. ஆனால் அவற்றில் லேசான சாயம் எப்போதும் தங்கியிருக்கும். இருட்டில் கார் ஓட்டித் திரும்புகிற உங்களுக்கு நான் அதை எழுதித்தர மாட்டேன்.

ஆனால் எதையும் இந்த மாதம் வாங்காதீர்கள். காரணம் கீழே.

மகனுக்கு: பைக் ஓட்டுபவர்களுக்கு இது பாதி வரம், பாதி வம்பு. ஹெல்மெட் வைசர் பாலிகார்பனேட்டில் செய்தது. அதுவும் புற ஊதாக் கதிரை நிறுத்தும். வைசரை இறக்கி ஓட்டினால் கண்ணாடி சரியாகக் கறுக்காது. ஏற்றிவிட்டு ஓட்டினால் நன்றாகக் கறுக்கும், ஆனால் அப்படியே அண்டர்பாஸுக்குள் நுழைகிற அந்தப் பத்து விநாடி இருட்டில் முன்னால் இருக்கும் பள்ளம் தெரியாது. அவருக்குச் சாதாரண வெள்ளைக் கண்ணாடியும் வெயிலுக்கு அதன் மேல் மாட்டிக் கழற்றுகிற ஒரு கறுப்புக் கிளிப்-ஆனும் போதும். நடந்தும் மெட்ரோவிலும் போகிறவராக இருந்தால் தாராளமாக வாங்கச் சொல்லியிருப்பேன்.

ராத்திரி வெளிச்சமும் அந்தப் பின்குறிப்பும்

இரவில் ஹெட்லைட் சிதறுவதற்குக் கண்ணாடியின் மேல் பழி போட்டிருக்கிறீர்கள். வெளுத்த நிலையில் இந்தக் கண்ணாடி தடுக்கிற வெளிச்சம் மிகக் கொஞ்சம். இரவில் கார் ஓட்டும் கண்ணாடி குறைந்தது 75 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது சர்வதேசத் தரம். நல்ல கம்பெனியின் போட்டோக்ரோமிக் லென்ஸ் வெளுத்தபின் அதை எளிதாகத் தாண்டும்.

நம்பிக்கை வரவில்லையா? ஓர் இரவு மகனை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். பழைய வெள்ளைக் கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் விளக்கை முதலில் இதில் பாருங்கள், பிறகு அதில். இரண்டிலும் ஒரே மாதிரி சிதறினால் குற்றம் கண்ணாடியில் இல்லை. பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணில் அதிகம் என்று குறித்துவையுங்கள். கண் மருத்துவருக்கு அது உதவும்.

இப்போது அந்த ‘நல்ல சேதி’. ஐம்பதைத் தாண்டியவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கண் டாக்டருக்கு மட்டும் சந்தேகம். கண்ணுக்குள் இருக்கிற இயற்கை லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்பட ஆரம்பித்தால் கிட்டப்பார்வை உண்டாகும். அப்போது பக்கத்தில் இருப்பது தெளியும், தூரத்தில் இருப்பது மங்கும். மருத்துவப் புத்தகங்களில் இதற்கு ‘இரண்டாம் பார்வை’ என்றே பெயர். கண்புரையின் ஒரு வகை இப்படித்தான் தொடங்குகிறது. அடிக்கடி பவர் மாறுவதும், இரவு விளக்கு சிதறுவதும் அதோடு சேர்ந்து வருகிறவை.

இன்னொரு காரணமும் இருக்கலாம்: சர்க்கரை. இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸும் கொஞ்சம் உப்பி வடியும். பவரும் கூடவே ஆடும். ஏறியிருந்த ஒரு நாளில் பவர் பார்த்துச் செய்த கண்ணாடி, அது இறங்கியதும் பொருந்தாது. ஒன்றரை வருஷத்தில் இரண்டு தடவை மாறியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கண்ணீர் வறட்சியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், தில்லிக் காற்றுக்கும் ஏசிக்கும் கேட்கவே வேண்டாம். இவற்றில் எது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. ஆனால் இதை ஆப்டிக்கல்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் பவர் பார்த்து முடிக்கக்கூடாது.

உங்களுக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் சிஜிஹெச்எஸ் கார்டு இருக்கும். அதன் மருந்தகமான வெல்னஸ் சென்டரில் கண் நிபுணருக்குப் பரிந்துரை கேளுங்கள். எய்ம்ஸில் ராஜேந்திர பிரசாத் கண் மையம், தரியாகஞ்சில் ஷ்ராஃப் கண் மருத்துவமனை என்று நல்ல இடங்களுக்கு ஊரில் குறைவில்லை. போகும் முன் HbA1c என்று சீட்டில் எழுதுவார்களே, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதைப் பார்த்துக்கொண்டு போங்கள். சர்க்கரை இருப்பதால், புரை இருக்கிறதோ இல்லையோ, வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படிப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

புரை என்று தெரிந்தாலும் பதற வேண்டாம்; உடனே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. அன்றாட வேலைக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதைப் பார்த்து நீங்களும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்வது அது. ஆனால் ஆபரேஷன் ஆனால் உங்கள் பவர் அடியோடு மாறும். இன்று போடுகிற புதுக் கண்ணாடி எதுவாக இருந்தாலும் அன்று பெட்டிக்குள் போய்விடும். சர்க்கரைதான் காரணம் என்றால், அது சில வாரங்கள் நிலையாக நின்ற பிறகு பவர் பார்ப்பதே சரி. அதனால்தான் இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள் என்றேன்.

அதுவரை இருட்டிய பிறகு ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். மயூர் விஹாரில் ப்ளூ லைன் ஏறி மண்டி ஹவுஸில் வயலட் லைனுக்கு மாறினால் ஜன்பத், சென்ட்ரல் செக்ரடேரியட் பக்கம் போய்விடலாம். சில வாரம்தானே.

பரிசோதனைக்குப் போகும் நாளில் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொட்டு மருந்து விட்டால் கண் பாப்பா விரிந்து நாலைந்து மணி நேரம் பார்வை மங்கும், வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தும். அன்றைக்கு இந்த 16,500 ரூபாய்க் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். காருக்குள் ஏறும் வரை நன்றாகவே உதவும்.